கொரியக் கோழி, பழனிச் சரக்கு

பழனி

அன்புள்ள கண்ணு,

கொரிய முறையில் கோழியை ஊறவைத்துச் சுடுவதில் இரண்டு வழிகள் உண்டு. சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய் சேர்ந்த இனிப்பும் உப்புமான கலவையில் ஊறவைப்பது ஒன்று. அதற்குத் தாக் புல்கோகி என்று பெயர். கோச்சுஜாங் என்னும் புளிக்கவைத்த மிளகாய் விழுதைச் சேர்த்துச் சிவக்கச் சிவக்க ஊறவைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வகையில் பேர்போனது தாக்கால்பி. அதன் சொந்த ஊர் தென் கொரியாவின் கங்வோன் மாகாணத்தில் இருக்கும் சுன்சியான் நகரம். 1960களில் அங்கே பன்றி விலாக்கறிக்குப் பதிலாகக் கோழிக்கறியைக் கலவையில் ஊறவைத்துக் கரித்தணலில் சுட்டு விற்றார்கள். விலை மலிவு என்பதால் மாணவர்களும் விடுப்பில் வந்த படைவீரர்களும் தேடிப்போய்ச் சாப்பிட்டார்கள். பிற்பாடு தணல் போய்ப் பெரிய வட்ட இரும்புத் தட்டு வந்தது. முட்டைக்கோஸும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அரிசிமாவுத் துண்டுகளும் கோழியோடு சேர்ந்துகொண்டன. இன்று உலகம் தாக்கால்பி என்று அறிவது இந்தத் தட்டுச் சமையலைத்தான். ஆனாலும் தணலில் சுடும் பழைய முறை அந்த ஊரில் இன்னும் நடக்கிறது, ருசியில் அதுவே மேல்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சாப்பாடு கார் கம்பெனியோடு வந்தது என்று சொல்லலாம். 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்த பிறகு, கொரியக் குடும்பங்கள் சென்னையிலும் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலும் குடியேறின. அவர்களுக்காகக் கொரிய உணவகங்கள் முளைத்தன. ஊரடங்குக் காலத்தில் கொரியத் தொடர்கள் வீட்டுக்கு வீடு ஓடியபோது, அதுவரை சென்னையோடு நின்றிருந்த ஆசை சின்ன ஊர்களுக்கும் பரவியது. இப்போது பழனியில் ஒரு பிள்ளை கொரியக் கோழி செய்யவேண்டும் என்று கேட்டால் யாரும் வியப்பதில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சமையலுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி பழனியைச் சுற்றி அறுபது எழுபது கிலோமீட்டருக்குள்ளேயே விளைகிறது. வெளியிலிருந்து வரவேண்டியவற்றில் முக்கியமானவை சோயா சாஸும் கோச்சுஜாங்கும்தான்.

முதலில் கோழி. பழனிக்கு மேற்கே உடுமலை, அதற்கு வடக்கே பல்லடம் என்று இந்தப் பக்கம் முழுவதும் கறிக்கோழிப் பண்ணை நிலம். சுகுணா நிறுவனம் 1984இல் தொடங்கியது உடுமலைப்பேட்டையில்தான். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்க, கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரர் கொடுத்து வளர்ப்புக்கூலி வாங்கும் ஒப்பந்த முறை இந்த வட்டாரத்தில் வேரூன்றி நாடெங்கும் போனது. இப்படி வளரும் பிராய்லர் ஐந்து ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும். சமைப்பவர் மனத்தில் வைக்கவேண்டிய செய்தி இந்த வயதுதான். ஆறு வாரக் கோழியின் சதை ஏற்கெனவே மெத்தென்று இருக்கிறது. அதை மேலும் மெத்தென்று ஆக்க எந்த வித்தையும் தேவையில்லை. ஊறவைப்பது ருசிக்காக.

நாட்டுக்கோழி இந்தச் சமையலுக்கு ஒத்துவராது. அதன் கறி நார் இறுகியது, எலும்போடு நேரமெடுத்து வேகவேண்டியது. பத்து நிமிஷத் தணலில் அது ரப்பராகும். நாட்டுக்கோழியைக் குழம்புக்கு விட்டுவிடுவதுதான் அதற்கும் மரியாதை.

கடையில் போன்லெஸ் என்று மட்டும் கேட்டால் நெஞ்சுக்கறிதான் தருவார்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. இரண்டு நிமிஷம் கூடிப்போனால் சக்கையாக உலர்ந்துவிடும். தொடைக்கறியில் இடையிடையே கொழுப்பு ஓடுவதால் கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் தாங்கும். ஆகவே தொடையை எலும்பு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கவேண்டும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் கடைக்காரர் செய்து கொடுப்பார். கொரியர்கள் பலரும் தோலோடுதான் சுடுவார்கள். நம் ஊரில் பிராய்லரைத் தோலுரித்து வாங்குவது வழக்கமாகிவிட்டாலும், கோழியை முழுசாக நெருப்பில் வாட்டி மஞ்சள் பூசித் தோலோடு வெட்டும் பழக்கம் கொங்குப் பக்கத்துக்குப் புதியதல்ல. தோலோடு கிடைத்தால் அதையே வாங்கலாம். தோலின் கொழுப்பு உருகிக் கறியை நனைத்துக்கொண்டே இருக்கும், மொறுமொறுப்பும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த கறியைக் குழாயடியில் தண்ணீர் தெறிக்கக் கழுவுவது நல்லதில்லை. கழுவாமல் மனம் ஒப்பாது என்றால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அலசி எடுத்து, ஈரம் போகத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றிவிட வேண்டும். ஈரம் போவது இங்கே முக்கியம். கறியில் நிற்கும் தண்ணீர் கலவையை நீர்க்கச் செய்யும், கல்லில் போட்டதும் ஆவியாகிக் கறியைச் சுடவிடாமல் அவித்துவிடும். தடித்த இடங்களைக் கத்தியால் விரித்து எல்லாத் துண்டும் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வரும்படி செய்தால், ஒரு ஓரம் கருக மறு ஓரம் பச்சையாக நிற்கும் தொல்லை வராது.

அடுத்தது கலவை. தமிழ்ச் சமையல்காரர் கை இங்கேதான் அடங்காது. கோழி என்றதும் மஞ்சள், தயிர், எலுமிச்சை, கரம் மசாலா, கறிவேப்பிலை என்று கை தானாகப் போகும். கொரியக் கலவையில் இவற்றில் எதற்கும் இடமில்லை. எலுமிச்சையின் புளிப்பு நெடுநேரம் நின்றால் சதையின் மேற்புறத்தை வெளுக்கவைத்துச் சுண்ணாம்பு போலாக்கும். பட்டையும் கிராம்பும் சோயாவின் மணத்தை மூடிவிடும். ஒவ்வொரு பொருளும் எதற்காகச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால், எது இல்லாமல் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

சோயா சாஸ் உப்புக்கும் ஆழ்ந்த ருசிக்கும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. அதனால் கலவையில் தனியாக உப்புப் போடவே கூடாது. மளிகைக் கடைகளில் கிடைக்கும் பல சோயா சாஸ்கள் கருநிறத்தவை, நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை சேர்த்தவை. அவற்றை வாங்கினால் கறி வேகும் முன்பே கறுத்துத் தெரியும், பதம் பார்க்க முடியாது. லைட் சோயா என்று குறித்திருப்பதும், சேர்மானப் பட்டியலில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று சுருக்கமாக இருப்பதும் நல்லது. கொரியாவில் சோயா சாஸும் மிளகாய் விழுதும் சோயா விழுதும் மண் ஜாடிகளில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் புளிக்கின்றன. அந்தக் கைப்பக்குவத்தை 2024இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டு மாடியில் வடகமும் வற்றலும் காயவைத்து ஜாடியில் ஊறுகாய் போட்ட தலைமுறைக்கு அந்தப் பொறுமை புரியாததல்ல.

சர்க்கரை இனிப்புக்கு மட்டுமில்லை. சுட்ட கறியின் மினுமினுப்பும் பழுப்பு நிறமும் அதனால் வருகின்றன. நாட்டுச்சர்க்கரை இதற்கு மிகப் பொருத்தம். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத கரும்புவாசமும் லேசான காரலும் சோயாவோடு நன்றாகச் சேரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை மூலப்பொருள் என்பதால் பழனியில் நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை. பஞ்சாமிர்தத்தையே ஊறல் கலவையில் சேர்த்தால் என்ன என்று இளவயதுக் குறும்பு யோசிக்கலாம். கூடாது. பிரசாதத்தைக் கறியில் கலப்பதை ஊரார் யாரும் ஏற்கமாட்டார்கள். சமையல் கணக்கிலும் அது தப்பு: வாழைப்பழமும் நெய்யும் கல்லில் ஒட்டிக் கருகும்.

பழம் சேர்ப்பது கொரியக் கலவையின் தனி அடையாளம். அவர்கள் சேர்ப்பது பெரிய உருண்டையான, சாறு நிறைந்த பேரிக்காய். பழனியிலிருந்து மலைப்பாதையில் 64 கிலோமீட்டர் ஏறினால் கொடைக்கானல். ஆடி முதல் புரட்டாசி வரை அங்கிருந்து இறங்கும் பேரிக்காய் பேருந்து நிலையப் பக்கம் கூடைகூடையாக நிற்கும். கொரியப் பழத்தைவிடச் சிறியது, கடினமானது, கடித்தால் மணல்போல நெறுநெறுக்கும். ஆனால் துருவிப் பிழிந்து சேர்ப்பதற்கு அந்த நெறுநெறுப்பு ஒரு தடையில்லை. பேரிக்காய் கறியை மென்மையாக்குவதாகச் சொல்வார்கள். அதில் சதைப்புரதத்தைச் சிதைக்கும் நொதி கொஞ்சம் உண்டு. அதைவிட, அதன் சாறும் இனிப்பும் கலவையை இளக்கிக் கறி முழுதும் பரவவைப்பதே பெரிய பயன். பேரிக்காய் இல்லாத மாதங்களில் ஆப்பிளும் கொஞ்சம் வெங்காயமும் துருவிச் சேர்க்கலாம்.

பப்பாளிக்காயும் அன்னாசியும் வேறு சங்கதி. பச்சைப் பப்பாளியின் பாலில் உள்ள பப்பாயின் மிக வலுவான நொதி. அதை எடுப்பதற்கென்றே கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 5 என்ற பப்பாளி ரகத்தை வெளியிட்டது. ஆட்டுக்கறிக்கு ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவது நம் சமையலறைகளில் பழைய வழக்கம். அதே கையளவை ஆறு வாரப் பிராய்லர் மேல் காட்டினால் மேற்புறம் கூழாகி, கடிக்கும்போது மாவைத் தின்பது போலிருக்கும். இந்த நொதிகள் ஃபிரிட்ஜின் குளிரில் மெல்ல வேலை செய்யும். கறி சூடேறும்போது, ஏறக்குறைய 60, 65 டிகிரி வரும்போது மும்முரமாகும். அதற்கு மேல் வெப்பம் ஏறினால் படிப்படியாகச் செயலிழக்கும். ஆகவே ஊறவைத்த நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து மெதுவாகச் சூடாக்குவது ஆபத்து. பச்சை அன்னாசிக்கும் இதே கதைதான். டப்பா அன்னாசி வேகவைத்தது என்பதால் அதில் நொதி இருக்காது, இனிப்பு மட்டும் தரும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு நுணுக்கம். கொரியர்கள் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்த எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். அது கருஞ்சிவப்பாக, வறுத்த எள்ளின் மணம் தூக்கலாக இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டியது, மணமே வேறு. வறுத்த எண்ணெய் கிடைக்காவிட்டால் வழி எளிது. இரண்டு தேக்கரண்டி வெள்ளை எள்ளை அடிகனத்த சட்டியில் சிறுதீயில் வறுத்து, படபடவென்று வெடித்துப் பொன்னிறத்துக்குச் சற்று மேலே போகும்போது இறக்கி, சூடு ஆறுவதற்குள் உரலில் ஒன்றிரண்டாக இடித்து நல்லெண்ணெயில் கலந்து அரைமணி வைத்தால் போதும். அந்த மணம் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வரும். எள்ளை ஒரு நொடி அதிகமாக வறுத்துவிட்டால் கசப்பு வரும், அதைச் சர்க்கரை மறைக்காது. கொட்டிவிட்டு மறுபடி வறுப்பதே வழி.

பூண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு மிஞ்சியது இல்லை. புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூண்டு காரமும் மணமும் கூடியது, அதனால் கடைப்பூண்டின் அளவில் முக்கால் பங்கே போதும். அரைக்காமல் இடித்துச் சேர்த்தால் மணம் நிற்கும். இஞ்சி கொஞ்சம், மிளகுத்தூள் கொஞ்சம், வெங்காயத் தாள் ஒரு பிடி. கொரியர்கள் கவிச்சி போக அரிசி மது ஒரு கரண்டி விடுவார்கள். அது இல்லாமல் இஞ்சியை அரைத் தேக்கரண்டி கூட்டினால் அந்த வேலை நடந்துவிடும்.

அரை கிலோ தொடைக்கறிக்கு அளவு இது. சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, துருவிய பேரிக்காய் நான்கு மேசைக்கரண்டி, இடித்த பூண்டு ஒரு மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, எள் கலந்த நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. சர்க்கரை கரையும்வரை முதலில் கலவையைத் தனியே கலக்கி, கறி சேர்க்கும் முன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். குழம்புக்கு ஏற்ற உப்பைவிடத் தூக்கலாகவும், உப்புக்கு ஈடாக இனிப்பும் தெரியவேண்டும். உப்பு மேலோங்கினால் பேரிக்காய் ஒரு கரண்டி கூட்டலாம், தண்ணீர் விடக்கூடாது. இதில் மூன்று மேசைக்கரண்டி கலவையைக் கறி படுவதற்கு முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது அவசியம். கடைசியில் மேலே தடவ அது வேண்டும். பச்சைக் கறி ஊறிய கலவையை அப்படியே தடவுவது வயிற்றுக்குக் கேடு. வேறு வழியில்லாமல் அதைத்தான் எடுக்க நேர்ந்தால் சட்டியில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே தொடலாம்.

காரவகை வேண்டுவோர் சோயாவைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி கோச்சுஜாங்கும் ஒரு மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளும் சேர்க்கலாம். கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி, முளைகட்டிய பார்லி, புளித்த சோயாப் பொடி, உப்பு ஆகியவை சேர்ந்து ஜாடியில் முதிர்ந்த விழுது. வட ஜொல்லா மாகாணத்துச் சுன்சாங் அதற்குப் பெயர்பெற்ற ஊர். மிளகாய்த்தூளையும் வெல்லத்தையும் சோயா சாஸில் குழைத்து அதற்கு மாற்றாக்குவதாகச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அப்படிச் செய்வது சாப்பிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புளித்து முதிர்ந்த ருசி அதில் வராது. ஒரு சிறிய டப்பா வாங்கிவிட்டால் ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். குண்டூர் மிளகாய்த்தூளைக் காஷ்மீரிக்குப் பதிலாக அதே அளவில் போட்டால் காரம் நாக்கைப் பிடுங்கும். நிறம்தான் தேவை, உறைப்பு இல்லை.

ஊறும் நேரம் இரண்டு மணிக்குக் குறையாமல், பன்னிரண்டு மணிக்கு மேல் போகாமல் இருக்கவேண்டும். உப்பு மட்டும்தான் சதைக்குள் மெல்ல இறங்குகிறது. பூண்டு, எள் போன்றவற்றின் மணம் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆகவே ஒரு நாள் முழுக்க ஊறவைத்தால் ருசி இரட்டிப்பாகும் என்பது வெறும் நம்பிக்கை. பழனி வீடுகளில் நாள் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, தைப்பூசமும் பங்குனி உத்திரமும் ஒட்டிய விரத நாட்கள் என்று கறி சேராத நாட்கள் பல. சனிக்கிழமையும் விரதம் இருந்து, இரவில் ஃபிரிட்ஜில் கறி வைக்க ஒப்பாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஞாயிறு காலை ஆறு ஆறரைக்குக் கறி வாங்கி ஏழு மணிக்குள் கலவையில் போட்டுவிட்டால் மதியம் பன்னிரண்டரைக்குச் சுட எடுக்கலாம். ஐந்தரை மணி நேர ஊறல் அளவாக இருக்கும், பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது. ஊறும் நேரம் முழுதும் கறி ஃபிரிட்ஜுக்குள் இருக்கவேண்டும். பங்குனி சித்திரை வெயிலில் வெளியே ஒரு மணி நேரம் வைத்தாலே கெடத் தொடங்கும்.

பாத்திரம் விஷயத்தில் இன்னொன்று. தோசைக்கல்லில் கறி சுடுவதைப் பல வீடுகளில் அனுமதிக்கமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. சர்க்கரைக் கலவை கல்லின் பதத்தைக் கெடுக்கும், மறுநாள் தோசை வராது. கறிக்கென்று கனமான இரும்புக் கல் ஒன்று தனியாக வாங்கி வைத்தால் சண்டை மிச்சம்.

இனி நெருப்பு. நல்ல கறியும் சரியான கலவையும் வைத்துக்கொண்டு இந்தச் சமையலைக் கெடுப்பவர்கள் எல்லாரும் கெடுப்பது இங்கேதான். காரணம் சர்க்கரை. கறி நடுவில் முழுமையாக வேக 74 டிகிரி வெப்பம் வேண்டும். மேலே இருக்கும் சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டும்போது உருகிச் சிவக்கும், இன்னும் ஏறினால் கருகிக் கசக்கும். தேனிலும் பழத்திலும் இருக்கும் சர்க்கரை இதைவிடச் சீக்கிரமே நிறம் மாறும். தந்தூரிக்கு மூட்டும் பெருந்தீயில் இந்தக் கோழியைப் போட்டால் மூன்று நிமிஷத்தில் மேலே கரி, உள்ளே பச்சை. இதைத் தவிர்க்கும் உபாயம் மூன்று: கலவையை வழித்துவிட்டுச் சுடுவது, நடுத்தர வெப்பத்தில் சுடுவது, இனிப்பைக் கடைசியில் தடவுவது.

மொட்டை மாடியில் தணல் போடுவதாக இருந்தால் கும்முட்டி அடுப்போ, செங்கல் நான்கு வைத்த தற்காலிக அடுப்போ போதும். அடுப்புக்கரியை மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது, வாடை கறியில் ஏறும். தேங்காய் நாரும் சிரட்டையும் வைத்துப் பற்றவைத்து, கரி முழுதும் கனன்று மேலே சாம்பல் படரும்வரை காத்திருக்கவேண்டும். சுவாலை எழும்பும்போது கறியை வைப்பது தப்பு. நீறு பூத்த தணல்தான் சரியான பதம். கம்பி வலை இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் நான்கைந்து நொடி தாங்கமுடியவேண்டும். இரண்டு நொடியிலேயே கையை இழுக்க வேண்டியிருந்தால் தணலைக் கலைத்து ஒரு பக்கமாக ஒதுக்கவேண்டும். ஒரு பக்கம் தணல் நிறைந்தும் மறுபக்கம் வெறுமையாகவும் இருப்பது எப்போதும் வசதி: கொழுப்புச் சொட்டித் தீ எழும்பினால் கறியை வெறும் பக்கம் தள்ளிவிடலாம். எந்தக் காரணத்துக்கும் கரியடுப்பை மூடிய அறைக்குள் மூட்டக்கூடாது. கரிப்புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

துண்டுகளைக் கலவையிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் பூண்டுத் துணுக்கும் பழத்துருவலும் போக விரலால் வழித்து, வலையில் இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். தோலிருந்தால் தோல்பக்கம் முதலில் கீழே. சர்க்கரை இருப்பதால் ஒரே பக்கம் நெடுநேரம் விடாமல், ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை இடுக்கியால் திருப்பிக்கொண்டே இருப்பது நல்லது. ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் அரை நிமிஷம் விட்டால் தானே கழன்று வரும். முதலில் கறி வெளுக்கும், பிறகு ஓரங்களில் சாறு முத்துமுத்தாகப் பூக்கும், அப்புறம் அந்தச் சாறு வற்றி மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கும். அந்தப் பளபளப்பு வரும்போது தனியே எடுத்து வைத்த கலவையைத் தூரிகையாலோ வெங்காயத் தாள் கட்டாலோ மெல்லத் தடவி, பக்கத்துக்கு அரை நிமிஷம் மட்டும் காட்டி எடுத்துவிட வேண்டும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிஷ வேலை. ஓரங்களில் அங்கங்கே கருமை இருப்பது ருசிதான். முழுக்கக் கறுத்தால் அது கருகல். தடித்த துண்டு ஒன்றை நடுவில் வெட்டிப் பார்த்து இளஞ்சிவப்பு இல்லாமல், சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது. சமையல் வெப்பமானி இருந்தால் இந்தச் சந்தேகமே வேண்டாம்.

இரும்புக் கல்லில் செய்வதற்கும் இதே விதிகள். கல் நன்றாகக் காய்ந்த பின் தீயை நடுத்தரமாக்கி, ஒரே அடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். அரை கிலோவையும் ஒரே தடவையில் கொட்டினால் கல் குளிர்ந்து, தண்ணீர் விட்டு, கறி அதன் சாற்றிலேயே வெந்து சாம்பல் நிறமாக நிற்கும். வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சாம்பல் கோழிதான், அப்புறம் பழியைக் குறிப்பின்மேல் போடுவார்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே கல்லில் ஒட்டிய சர்க்கரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அடுத்த ஈடு கசக்காது.

சுட்டெடுத்த கறியை ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, கத்தரிக்கோலால் விரற்கடை அகலத்துக்கு வெட்டிப் பரிமாறுவது கொரிய வழக்கம். ஒருமுறை பழகிவிட்டால் கத்தியைத் தொட மனம் வராது. கூடவே சோறும், கறியை மடித்து உண்ண இலையும் வேண்டும். கொரியாவில் லெட்யூஸ் இலை வைப்பார்கள். இங்கே ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் முட்டைக்கோஸின் உள்ளிதழ் போதும், மொறுமொறுப்பும் கூடுதல். வெற்றிலையில் மடித்தால் வெற்றிலை மட்டுமே ருசிக்கும். சோற்றுக்குச் சீரகச்சம்பா வேண்டாம், உதிரியாக நிற்கும் அரிசி பிரியாணிக்கே பொருந்தும். பொன்னிப் பச்சரிசியைச் சற்றுக் குழைவாக வடித்தால் கொரியச் சோற்றின் ஒட்டும் தன்மைக்குப் பக்கத்தில் வரும். வெள்ளரிக்காயை மெல்லியதாக அரிந்து உப்புப் பிசறிப் பிழிந்து, வினிகரும் வறுத்த எள்ளும் தூவினால் தொட்டுக்கொள்ள ஒன்று தயார்.

முதல் தடவை அரை கிலோவுக்கு மேல் வாங்கவேண்டாம், விருந்தாளி வரும் நாளில் முதன்முறையாகச் செய்யவும் வேண்டாம். பேரிக்காய் வரத்து புரட்டாசியோடு நின்றுவிடும், அந்த மாசம் பல வீட்டில் கறியும் எடுக்கமாட்டார்கள். அதனால் ஆவணிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செய்துவிடு கண்ணு.

இப்படிக்கு,
பெரியம்மா